மண் தாங்கும் சுமையில் நீரின் பங்கு: மண் விசையியலின் அடிப்படைகள்

4,000 மீட்டர் ஆழமுள்ள கடலின் அடித்தரையில் ஒவ்வொரு சதுர மீட்டரையும் ஏறத்தாழ 4,000 டன் நீர் அழுத்திக்கொண்டிருக்கிறது. நிலத்தில் இதில் நூறில் ஒரு பங்கைச் சில ஆண்டுகள் ஏற்றி வைத்தாலே இளகிய களிமண் இறுகிக் கெட்டிப்பட்டுவிடும். ஆனால் அந்தக் கடலடியின் மேற்பரப்பில் படிந்திருக்கும் சேறோ, கையில் எடுத்தால் விரலிடுக்கில் வழியும் அளவுக்கு மென்மையாகவே இருக்கிறது. இத்தனை சுமையும் எங்கே போயிற்று என்ற கேள்விக்கு விடை சொல்லத் தெரிந்த மாணவருக்கு மண் விசையியலில் பாதி பிடிபட்டுவிட்டது என்பேன்.

கடல்நீர் சேற்றின் மேற்பரப்பை மட்டும் அழுத்தவில்லை. மணிகளுக்கு இடையேயுள்ள வெற்றிடங்களிலும் அதே நீர் அதே அழுத்தத்தில் நிரம்பியிருக்கிறது. ஒவ்வொரு மணியும் எல்லாப் பக்கங்களிலிருந்தும் சமமாக அழுத்தப்படுவதால், ஒரு மணி இன்னொரு மணியின் மீது சாய்ந்து அழுத்துவதற்குக் காரணமே ஏற்படுவதில்லை. மண் இறுக வேண்டுமானாலும், சறுக்காமல் எதிர்த்து நிற்க வேண்டுமானாலும், மணிகள் ஒன்றையொன்று அழுத்த வேண்டும். மணிகளுக்கு இடையே நிலவும் இந்தத் தகைவையே, அதாவது ஓர் அலகுப் பரப்பில் வரும் விசையையே, பயனுறு தகைவு என்கிறோம். அதை நேரடியாக அளக்கும் கருவி கிடையாது. மொத்தத் தகைவிலிருந்து, வெற்றிடங்களிலுள்ள நீரின் அழுத்தமான துளைநீர் அழுத்தத்தைக் கழித்தே அதைப் பெற வேண்டும்.

மண்ணின் மூன்று கூறுகள், வகைப்பாடு, நீர்க்கசிவு, இறுகல், சறுக்கு வலிமை, பக்கவாட்டு அழுத்தம், தாங்குதிறன், சரிவு நிலைப்பு என்று பாடத்திட்டம் இந்தத் துறையை அலகு அலகாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒவ்வொரு அலகுக்கும் தனித்தனிச் சூத்திரங்கள் இருப்பதால், மாணவர்கள் இவற்றை எட்டுத் தனிப் பாடங்களாகவே மனப்பாடம் செய்கிறார்கள். உண்மையில் இவை எல்லாவற்றிலும் திரும்பத் திரும்பக் கேட்கப்படுவது ஒரே கேள்விதான்: ஏற்றப்பட்ட சுமையில் மணிகள் எவ்வளவு தாங்குகின்றன, நீர் எவ்வளவு தாங்குகிறது, அந்த நீர் வெளியேற எவ்வளவு காலம் பிடிக்கும்?

மணியும் வெற்றிடமும்

மண் என்பது திண்ம மணிகள், நீர், காற்று ஆகிய மூன்றும் சேர்ந்த கலவை. வெற்றிடங்களின் கன அளவை மணிகளின் கன அளவால் வகுத்தால் வெற்றிட விகிதம் கிடைக்கும். நீரின் எடையை உலர்ந்த மணிகளின் எடையால் வகுத்தால் நீரளவு கிடைக்கும். வகுக்கும் எண் மொத்த எடை அல்ல, உலர்ந்த எடை என்பதை மறக்கும்போதுதான், 100 விழுக்காட்டுக்கு மேல் நீரளவு இருக்க முடியுமா என்று மாணவர்கள் குழம்புகிறார்கள். மெக்சிகோ நகரத்தின் அடியிலுள்ள பழைய ஏரிக் களிமண்ணில் நீரளவு 300 விழுக்காட்டையும் தாண்டுகிறது. அதாவது, ஒரு பங்கு எடையுள்ள மணிகள் மூன்று பங்குக்கும் மேற்பட்ட எடையுள்ள நீரைப் பிடித்துவைத்திருக்கின்றன.

இந்தியத் தர நிர்ணய முறையில் 4.75 மில்லிமீட்டருக்கு மேற்பட்டவை சரளை, அதற்குக் கீழே 0.075 மில்லிமீட்டர் வரை மணல், பின் 0.002 மில்லிமீட்டர் வரை வண்டல், அதனினும் நுண்ணியவை களி. ஆனால் களிமண்ணைச் சல்லடையாலும் அளவாலும் மட்டும் புரிந்துகொள்ள முடியாது. நீரோடு அது நடந்துகொள்ளும் விதமே அதன் அடையாளம் என்பதை 1911-இல் சுவீடன் நாட்டு வேதியியலாளர் அட்டர்பெர்க் எடுத்துக்காட்டினார். குழம்பு நிலைக்கும் குழைவு நிலைக்கும் இடையிலான எல்லையை அளக்க இன்று ஆய்வகத்தில் நாம் கைப்பிடியைச் சுழற்றி 25 தட்டுகள் எண்ணும் கருவி, பின்னர் காசாகிராண்டே வடிவமைத்தது.

இந்த வகைப்பாட்டில் பொறியாளருக்கு உண்மையில் பயன்படும் செய்தி நீர்புகு திறன். நடுத்தர மணலில் அது நொடிக்கு ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு மீட்டர் என்றால், கெட்டியான களிமண்ணில் அதனினும் பத்து லட்சம் மடங்கு குறைவாக இருக்கக்கூடும். இரண்டுமே மண்தான், ஆனால் ஒன்றில் நொடிகளில் வெளியேறும் நீர் மற்றொன்றில் வெளியேற ஆண்டுகள் ஆகும். மணலுக்கும் களிக்கும் உள்ள வேறுபாடுகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றிலிருந்து பிறப்பவை.

ஒரு கணக்கு

பக்கவாட்டு மண் அழுத்தம் பற்றிய ஆய்வைக் கூலோம் 1773-இல் பாரிஸ் அறிவியல் கழகத்தில் அளித்தார்; மார்ட்டினிக் தீவில் கோட்டை கட்டிய பொறியாளரின் அனுபவம் அதில் இருந்தது. மணல் வழியாக நீர் செல்லும் விதியை டார்சி 1856-இல் திஜோன் நகரின் குடிநீர்த் திட்டம் தொடர்பாக வெளியிட்டார். ராங்கின் 1857-இல் தம் அழுத்தக் கோட்பாட்டைத் தந்தார். இவை அனைத்தும் இருந்தும் களிமண் மட்டும் யாருக்கும் வசப்படவில்லை. பிராகு நகரில் 1883-இல் பிறந்த கார்ல் டெர்சாகி, இஸ்தான்புல்லில் ஆசிரியராகப் பணியாற்றிய ஆண்டுகளில், கைக்குக் கிடைத்த எளிய பொருள்களைக் கொண்டு தாமே அமைத்த கருவிகளால் களிமண்ணை அழுத்தி ஆராய்ந்தார். இறுகல் கோட்பாடு 1923-இலும், இந்தத் துறையின் தொடக்கமாகக் கருதப்படும் அவருடைய நூல் 1925-இல் வியன்னாவிலும் வெளிவந்தன. மண்ணின் சுருக்கம், உருத்திரிபு, சறுக்கு எதிர்ப்பு ஆகியவற்றில் அளக்கத்தக்க மாற்றம் எது நிகழ்ந்தாலும் அது பயனுறு தகைவின் மாற்றத்தால் மட்டுமே நிகழ்கிறது என்பதை 1936-இல் அமெரிக்காவின் ஹார்வர்டில் நடந்த முதல் பன்னாட்டு மாநாட்டில் அவர் தெளிவாக முன்வைத்தார்.

அது எவ்வாறு செயல்படுகிறது என்பதை எண்களில் பார்த்துவிடுவது நல்லது. நீர்மட்டத்துக்கு மேலே ஒரு கன மீட்டருக்கு 18 கிலோநியூட்டன், கீழே 20 கிலோநியூட்டன் அலகு எடையுள்ள மண்ணில், நிலத்தடி நீர்மட்டம் 2 மீட்டர் ஆழத்தில் இருப்பதாகக் கொள்வோம். நீரின் அலகு எடையை 10 என்று எடுத்துக்கொண்டால், 6 மீட்டர் ஆழத்தில் மொத்தத் தகைவு 36-உம் 80-உம் சேர்ந்து 116 கிலோபாஸ்கல். துளைநீர் அழுத்தம் 4 மீட்டர் நீருக்குரிய 40. எனவே பயனுறு தகைவு 76 கிலோபாஸ்கல். மழைக்காலத்தில் நீர்மட்டம் தரைவரை உயர்ந்தால் மொத்தத் தகைவு 120 ஆகச் சற்றே கூடும், துளைநீர் அழுத்தமோ 60 ஆகிவிடும், எஞ்சுவது 60. மண்ணின் மீது கூடுதலாக எடை ஏறியிருக்கிறது, ஆனால் மணிகளின் பிடிப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டது.

இப்போது எதிர்த்திசையில் செல்வோம். ஆழ்துளைக் கிணறுகள் நீரை உறிஞ்சி நீர்மட்டத்தை 6 மீட்டருக்கு இறக்கிவிட்டன என்று கொண்டால் மொத்தத் தகைவு 108 ஆகக் குறைகிறது. துளைநீர் அழுத்தம் சுழி. பயனுறு தகைவு 108. யாரும் ஒரு செங்கல்கூடக் கூடுதலாக வைக்காமலேயே, சொல்லப்போனால் நிலத்தின் எடையே குறைந்த பின்னும், மணிகளின் மீதான சுமை 76-இலிருந்து 108-க்கு ஏறிவிட்டது. அந்த மண் மென்மையான களியாக இருந்தால் அது அமிழத் தொடங்கும்.

மெக்சிகோ நகரத்தில் நடந்தது இதுதான். டெஸ்கோகோ ஏரியின் படுகையில் எழுந்த அந்த நகரம், குடிநீருக்காகத் தன் அடியிலிருந்தே நீரை இறைத்துக்கொண்டது. கட்டடங்களின் எடைதான் நகரத்தை அமிழ்த்துகிறது என்ற எண்ணம் வலுவாக இருந்த காலத்தில், பொறியாளர் நபோர் கரியோ 1940-களின் பிற்பகுதியில் நீரிறைப்புக்கும் அமிழ்வுக்கும் உள்ள தொடர்பை நிறுவினார். இருபதாம் நூற்றாண்டில் நகரின் சில பகுதிகள் 9 மீட்டருக்கும் மேல் இறங்கின. 1910-இல் திறக்கப்பட்ட விடுதலை நினைவுத்தூண், மண்ணில் ஆழமாக இறக்கிய தூண்களான பைல்களின் மீது நிற்பதால் அது இருந்த இடத்திலேயே இருக்க, சுற்றியுள்ள தரை தாழ்ந்துகொண்டே போயிற்று; முதலில் 9 படிகளே இருந்த அதன் அடித்தளத்துக்குப் பின்னாளில் 14 படிகள் சேர்க்க வேண்டியதாயிற்று. இப்படி அமிழும் மண் பைலைத் தாங்குவதற்கு மாறாக அதைக் கீழே இழுக்கும் என்பதையும் இதனோடு சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும். எதிர்க்குறிப் பக்க உராய்வு என்று பாடத்தில் தனித் தலைப்பாக வருவது இந்த இழுவைதான்.

காலம் என்னும் பொருள்

நிறைவுற்ற களிமண்ணின் மீது திடீரெனச் சுமை ஏற்றினால் முதல் நொடியில் அந்தச் சுமை முழுவதையும் நீரே தாங்குகிறது. நீர் ஏறத்தாழ அமுங்காத பொருள். மணிகள் நெருங்கி வர வேண்டுமானால் நீர் வெளியேறி இடம் கொடுக்க வேண்டும். நீர் கசிந்து வெளியேற வெளியேற, அது தாங்கிய பங்கு சிறிது சிறிதாக மணிகளுக்குக் கைமாறுகிறது. நிலமும் சிறிது சிறிதாக அமிழ்கிறது. கன்சாலிடேஷன் என்று வகுப்பில் சொல்லப்படும் இறுகல் இதுவே. ரோலர் ஓட்டிக் கெட்டிப்படுத்துவதோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ரோலர் வெளியேற்றுவது காற்றை; அது சில நிமிட வேலை. எந்த அளவு தண்ணீர் தெளித்தால் மிகுந்த உலர் அடர்த்தி கிடைக்கும் என்பதை 1933-இல் பிராக்டர் முறைப்படுத்தினார். கலிபோர்னியாவில் அணை கட்டிய அனுபவத்திலிருந்து வந்த அந்தச் சோதனையைத்தான் சாலைப் பணிகளில் இன்றும் செய்கிறோம்.

இறுகலுக்குப் பிடிக்கும் காலம், நீர் கடக்க வேண்டிய தொலைவின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் உள்ளது. இறுகும் வேகத்தைக் குறிக்கும் இறுகல் கெழு ஆண்டுக்கு 1 சதுர மீட்டர் என்ற களிமண் அடுக்கு 6 மீட்டர் தடிமனில், மேலும் கீழும் மணலுக்கு நடுவே இருந்தால், நீர் அதிகபட்சம் 3 மீட்டர் சென்றால் போதும். 90 விழுக்காடு இறுகலுக்குரிய காலக் காரணியான 0.848-ஐ 3-இன் வர்க்கமான 9-ஆல் பெருக்க, ஏழரை ஆண்டுக்குச் சற்று அதிகமாகும். அடியில் மணலுக்குப் பதில் பாறை இருந்தால் நீர் 6 மீட்டர் மேலேறியே ஆக வேண்டும். காலம் 30 ஆண்டுகளைத் தாண்டிவிடும். எனவே சில சென்டிமீட்டர் தடிமனுள்ள மணல் படலம் ஒன்று களிமண்ணின் நடுவே இருக்கிறதா என்பது, போர்ஹோல் எனப்படும் ஆய்வுத் துளையின் பதிவில் தவறவிடக் கூடாத செய்தி. செங்குத்து வடிகால்களை ஒன்றரை மீட்டர் இடைவெளியில் இறக்கும் உத்தியும் இந்த வர்க்க விதியைத்தான் பயன்படுத்துகிறது. களிமண்ணை அது மாற்றுவதில்லை, நீர் நடக்க வேண்டிய வழியைக் குறுக்குகிறது.

ஜப்பானின் ஒசாகா வளைகுடாவில் கடலைத் தூர்த்து அமைத்து 1994 செப்டம்பரில் திறந்த கன்சாய் விமான நிலையம் இதன் திறனையும் எல்லையையும் ஒருசேரக் காட்டுகிறது. கடலடியின் மேலடுக்கான மென்களியில் மணல் வடிகால்கள் இறக்கப்பட்டதால் அந்த அடுக்கு விரைந்து இறுகிவிட்டது. அதற்குக் கீழே நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழம் வரை தொடரும் பழைய களிப்படிவுகளை வடிகால்கள் எட்டவில்லை. முதல் தீவு கட்டத் தொடங்கியதிலிருந்து இதுவரை 12 மீட்டருக்கும் அதிகமாக அமிழ்ந்திருக்கிறது. அமிழும் என்று தெரிந்தே, முனையக் கட்டடத்தின் தூண்களுக்கு அடியில் ஜாக்கி வைத்து உயரத்தைச் சரிசெய்யும் ஏற்பாட்டோடு அதைக் கட்டினார்கள். அமிழ்வைத் தடுக்க முடியாத இடத்தில் அதைக் கணித்து, அதற்கேற்பக் கட்டுவதும் பொறியியல்தான்.

வலிமை எங்கிருந்து வருகிறது

களிமண்ணுக்கு ஒட்டிணைவு (அழுத்தம் இல்லாமலேயே இருக்கும் வலிமை) உண்டு, உராய்வுக் கோணம் (அழுத்தத்தோடு வலிமை கூடும் வீதத்தைக் காட்டும் கோணம்) இல்லை. மணலுக்கு உராய்வுக் கோணம் உண்டு, ஒட்டிணைவு இல்லை. தேர்வுத்தாளில் எத்தனையோ முறை எழுதப்பட்டுவிட்ட இந்த வாக்கியம் பாதி உண்மை மட்டுமே. களிமணிகளுக்கு இடையிலும் உராய்வு உண்டு. நீர் வெளியேற வாய்ப்பளிக்காமல் விரைவாகச் சோதிக்கும்போது, நாம் கூட்டும் அழுத்தம் முழுவதையும் நீரே ஏற்றுக்கொள்வதால் பயனுறு தகைவு மாறுவதில்லை. அது மாறாததால் வலிமையும் மாறுவதில்லை. சோதனையில் கிடைத்த தகைவுகளை வரைபடத்தில் காட்டும் மோர் வட்டங்களைத் தொடும் கோடு கிடையாக வருவதற்குக் காரணம் அதுதான். அதே களிமண்ணை நீர் வடிய விட்டு மெதுவாகச் சோதித்தால், 20 டிகிரியோ அதற்கு மேலோ உராய்வுக் கோணம் இருப்பது தெரியும். ஆகவே, இந்த மண்ணின் வலிமை என்ன என்று கேட்பதற்கு முன்னால், சுமை எவ்வளவு வேகத்தில் ஏறப்போகிறது என்று கேட்க வேண்டும்.

இரண்டு கட்டுமானங்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். கனடாவின் வின்னிபெக் நகரை அடுத்த டிரான்ஸ்கோனாவில் ஏறத்தாழ 24 மீட்டருக்கு 60 மீட்டர் அளவுள்ள, கட்டடத்தின் அடி முழுவதும் ஒரே பலகையாக விரியும் ராஃப்ட் அடித்தளத்தின் மீது மாபெரும் கான்கிரீட் தானியக் கிடங்கு ஒன்று கட்டப்பட்டது. 1913 செப்டம்பரில் அதில் தானியம் நிரப்பத் தொடங்கினார்கள். அக்டோபர் 18 அன்று அது அமிழத் தொடங்கி, ஒரு நாளுக்குள் 27 டிகிரி அளவுக்குச் சாய்ந்துவிட்டது. கட்டடம் பெரிதாக உடையவில்லை. உடைந்தது அடியிலிருந்த களிமண். கட்டுவதற்கு முன் பள்ளத்தின் அடியில் தட்டுச் சுமைச் சோதனை செய்தே தாங்குதிறனைக் கணித்திருந்தார்கள். ஆனால் ஒரு சிறு தட்டு, தன் அகலத்தைப் போல் இரு மடங்கு ஆழம் வரையிலான மண்ணையே உணரும். 24 மீட்டர் அகலமுள்ள அடித்தளமோ மிக ஆழத்தில் இருந்த மென்மையான களி அடுக்கையும் அழுத்தியது. நாற்பதாண்டுகளுக்குப் பிறகு அங்கே துளையிட்டு மாதிரிகளைச் சோதித்தபோது, கிடங்கு சாய்ந்த நேரத்தில் நிலவிய ஏறத்தாழ 300 கிலோபாஸ்கல் அழுத்தமும், கோட்பாட்டின்படியான தாங்குதிறனும் நெருக்கமாக ஒத்துப்போயின. பின்னர் அதைப் பாறை வரை இறக்கிய தூண்களின் மீது நிமிர்த்தி மீண்டும் பயன்படுத்தினார்கள் என்பது வேறு கதை.

இத்தாலியின் பைசா கோபுரமும் மென்களியின் மீதுதான் நிற்கிறது. 14,500 டன் எடையுள்ள அதை 1173-இல் கட்டத் தொடங்கியவர்கள் சில ஆண்டுகளில் நான்காம் அடுக்களவில் நிறுத்திவிட்டு, ஏறத்தாழ நூறாண்டுகள் கழித்தே தொடர்ந்தார்கள். மணிக்கூடம் முடிய இன்னும் நூறாண்டுகள் ஆயின. அந்த இடைவெளிகளில் நீர் மெல்ல வெளியேறி, களிமண் இறுகி, அடுத்த சுமையைத் தாங்கும் வலிமையை அடைந்தது. இடைவிடாமல் கட்டியிருந்தால் கோபுரம் கட்டும்போதே விழுந்திருக்கும் என்பது மண் பொறியாளர்களின் கணிப்பு. 1990-இல் மூடப்பட்டு 2001-இல் மீண்டும் திறக்கப்பட்ட அதன் சாய்வை, வடபுறத்து அடிமண்ணைச் சிறிது சிறிதாக எடுத்து அரை டிகிரி அளவு குறைத்தார்கள். மென்களியில் சாலைக் கரை எழுப்பும்போது ஒரு கட்டம் உயர்த்திவிட்டுச் சில மாதங்கள் காத்திருந்து அடுத்த கட்டத்தை எழுப்பும் முறையில், பைசாவில் தற்செயலாக நடந்ததைத் திட்டமிட்டே செய்கிறோம்.

கரை எழுப்பும்போது மிக ஆபத்தான நேரம் கட்டி முடித்த நாள். அதன்பின் நாளுக்கு நாள் நிலைமை மேம்படும். களிமண்ணை வெட்டிச் சரிவு அமைக்கும்போது இது தலைகீழாகிவிடுகிறது. மேலிருந்த மண்ணை நீக்கியவுடன் களி விரிய முனைகிறது. உடனே நீர் வந்து நிரம்ப முடியாததால் துளைநீர் அழுத்தம் குறைந்து, வெட்டிய சரிவு அப்போதைக்கு உறுதியாக நிற்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல நீர் உள்ளே ஊறி, அழுத்தம் மீண்டு, பயனுறு தகைவு குறைகிறது. லண்டன் களியில் வெட்டப்பட்ட ரயில்பாதைச் சரிவுகளில் சில, ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் நின்ற பிறகு சரிந்தது இதனால்தான். இத்தனை நாள் நிற்கிறதே என்ற வாதம் களிமண் வெட்டுச் சரிவில் செல்லாது.

மணலில் வேறொரு நுட்பம் இருக்கிறது. மெரினாவின் ஈரமணலில் அலை விலகிய இடத்தில் கால் வைத்தால், காலைச் சுற்றியுள்ள மணல் சட்டென வெளுத்து உலர்ந்ததுபோல் தோன்றும். நெருக்கமாக அமைந்த மணிகள் சறுக்க வேண்டுமானால் ஒன்றின் மேல் ஒன்று ஏறியாக வேண்டும். அப்போது வெற்றிடம் விரிவடைந்து மேற்பரப்பு நீரை உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1885-இல் இந்த விரிவை விளக்கினார். நீர் உள்ளிழுக்கப்படும் கணத்தில் துளைநீர் அழுத்தம் குறைவதால் மணல் அதன் உண்மையான வலிமையைவிடக் கூடுதல் வலிமையைக் காட்டுகிறது. களத்தில் 63.5 கிலோ சுத்தியலை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவைத்து, 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி என்று எண்ணும் எஸ்.பி.டி. சோதனையில், நீர்மட்டத்துக்குக் கீழேயுள்ள நுண்மணலில் 15-க்கு மேல் மிகும் பகுதியை மட்டும் பாதியாகக் குறைத்து 15-உடன் சேர்க்கச் சொல்வது இதற்காகத்தான். காரணம் தெரியாமல் செய்தால் அது வெறும் சடங்கு.

மணிகள் பிடிவிடும்போது

தளர்வாக அமைந்த மணல் இதற்கு நேர்மாறானது. அசைத்தால் அதன் மணிகள் நெருங்கிவரப் பார்க்கும். நிலநடுக்கத்தின் சில நொடிகளில் நீர் வெளியேற வழியில்லாதபோது, நெருங்க முயலும் மணிகளின் சுமை முழுவதும் நீருக்கு மாறிவிடுகிறது. துளைநீர் அழுத்தம் மொத்தத் தகைவுக்குச் சமமாகும்போது பயனுறு தகைவு சுழியாகி, மண் திரவம்போல் நடந்துகொள்கிறது. 1964 ஜூன் 16 அன்று ஜப்பானின் நீகாட்டாவில் காவாகிஷி-சோ அடுக்குமாடிக் குடியிருப்புகள் விரிசல்கூடப் பெரிதாக இல்லாமல் அப்படியே சாய்ந்தன. அவற்றுள் ஒன்று ஏறக்குறையப் படுத்தேவிட்டது. 2001 குஜராத் நிலநடுக்கத்தில் கச்சுப் பகுதியின் பல மண் அணைகள் சேதமடைந்ததற்கும் அடிமண் இவ்வாறு திரவமானது ஒரு முக்கியக் காரணம்.

நிலநடுக்கம் இல்லாமலேயே, கீழிருந்து மேலேறும் நீரும் இதைச் செய்யும். மணிகளின் ஒப்படர்த்தி 2.65, வெற்றிட விகிதம் 0.65 என்றால் 1.65-ஐ 1.65-ஆல் வகுக்க நெருக்கடிச் சரிவு 1 என வருகிறது: ஒரு மீட்டர் மண்ணைக் கடக்க நீர் ஒரு மீட்டர் மட்ட வேறுபாட்டை இழக்கும் நிலையில் மணல் எடையற்றதாகிக் கொதிப்பதுபோல் பொங்கும். வெள்ளக் காலத்தில் ஆற்றங்கரையின் வெளிப்புற அடிவாரத்தில் மணலோடு நீர் பொங்குவது இதுவே. அந்த ஊற்றை மண்ணைக் கொட்டி அடைத்தால் நீர் வேறிடத்தில் பீறிடும். சுற்றிலும் மணல் மூட்டைகளை அடுக்கி, உள்ளே நீர் தேங்கி மட்டம் உயர விட்டால், மட்ட வேறுபாடு குறைந்து மணல் வெளியேறுவது நிற்கும்; நீர் மட்டும் தெளிவாகக் கசியும்.

தாங்கு சுவர்களிலும் நீரின் பங்கை எண்களில் பார்க்கலாம். உராய்வுக் கோணம் 30 டிகிரி என்றால் ராங்கினின் செயல்முனை அழுத்தக் கெழு, அதாவது செங்குத்துத் தகைவில் சுவரின் மீது பக்கவாட்டில் வரும் பங்கு, மூன்றில் ஒன்று. அலகு எடை 18 உள்ள நீரற்ற மண்ணை 5 மீட்டர் உயரத்துக்குத் தாங்கும் சுவரின் மீது, ஒரு மீட்டர் நீளத்துக்கு 75 கிலோநியூட்டன் உந்துவிசை வரும். பின்புறம் உச்சிவரை நீர் நிரம்பினால் மூழ்கிய மண்ணின் உந்துவிசை ஏறத்தாழ 42 ஆகக் குறைந்துவிடும். ஆனால் மூன்றில் ஒன்று என்ற சலுகை நீருக்குக் கிடையாது என்பதால் நீரின் பங்காக 125 வந்து சேரும். மொத்தம் 167, அதாவது இரு மடங்குக்கும் மேல். பி.வி.சி. குழாய்த் துண்டுகளைச் செருகி விடும் வடிதுளைகளும், அவற்றின் பின்னே நிரப்பும் சரளையும் மேஸ்திரியின் விருப்பத்துக்கு விட வேண்டியவை அல்ல.

நீர்மட்டத்துக்கு மேலேயுள்ள ஈரமண்ணில் நீர் மணிகளை இழுத்துப் பிடிக்கிறது. அங்கே துளைநீர் அழுத்தம் எதிர்க்குறியாக இருப்பதால் பயனுறு தகைவு கூடுகிறது. கோடையில் செங்குத்தாக வெட்டிய செம்மண் பள்ளம் முட்டுக்கொடுக்காமலே நிற்பது இதனால். தொடர்மழை அந்த இழுவிசையை அழித்து, அதன்பின் நேர்க்குறி அழுத்தத்தையும் ஏற்றிவிடுகிறது. 2009 நவம்பரில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த நீலகிரி நிலச்சரிவுகளிலும், 2014 அக்டோபர் 29 அன்று இலங்கையின் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளை மண் மூடிய பேரிடரிலும் பெருமழை மலைச்சரிவின் உள்ளே செய்தது இந்த வேலையைத்தான். மழைநீரின் எடையைவிட அது மணிகளின் பிடியைத் தளர்த்துவதே பெரும்பாலும் சரிவுக்குக் காரணமாகிறது. ஆகவே மலைச்சரிவில் செய்யத்தக்க பணிகளில் முதன்மையானது வடிகால். சுவர் அதற்கு அடுத்ததே.

கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கத்துக் கரிசலுக்கு மட்டும் இந்த எளிய கழித்தல் போதாது. மாண்ட்மோரிலோனைட் என்னும் களிக்கனிமம் நீரைத் தன் அடுக்குகளுக்கு இடையே இழுத்து வீங்குகிறது. வேனிலில் சுருங்கி வெடிக்கிறது. கட்டடத்தின் எடை குறைவாக இருந்தால் வீக்கம் அதைத் தூக்கிவிடும் என்பதால், அடியில் குமிழ் விரிந்த பைல்களை, பருவ மாற்றம் எட்டாத ஆழத்தில் நங்கூரமிடும் முறை ரூர்க்கி மையக் கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் முயற்சியால் இந்தியாவில் பரவியது.

சாயில் டெஸ்ட் அறிக்கை கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் தேடுவது பாதுகாப்பான தாங்குதிறன் என்ற ஒற்றை எண்ணை. அதற்கு முன் பார்க்க வேண்டியவை, துளை எவ்வளவு ஆழம் சென்றது, நீர்மட்டம் எந்த மாதத்தில் அளக்கப்பட்டது என்ற இரண்டும். சென்னையில் மே மாதத்தில் அளந்த மட்டமும் நவம்பரில் அளந்த மட்டமும் ஒன்றாக இருக்காது. ஐ.எஸ். 6403 என்னும் இந்தியத் தரக்குறிப்பின் தாங்குதிறன் சூத்திரத்தில், அடித்தளத்துக்குக் கீழுள்ள மண்ணின் அலகு எடையைக் கொண்ட மூன்றாம் உறுப்பை நீர்மட்டத் திருத்தக் காரணி ஒன்று பெருக்குகிறது. நீர்மட்டம் அடித்தளத்துக்குக் கீழே அடித்தள அகலத்தின் அளவுக்கோ அதற்கும் ஆழத்திலோ நிலையாக இருந்தால் அதன் மதிப்பு 1. அடித்தள மட்டத்திலோ அதற்கு மேலோ இருந்தால் 0.5. நீரில் மூழ்கிய மண்ணின் அலகு எடை, 20-இலிருந்து 10 போக, ஏறத்தாழப் பாதியாகிவிடுவதால் வந்தது அந்த 0.5. மே மாத அளவை நம்பி 1 என்று எழுதும் வடிவமைப்பாளர், அந்த உறுப்பின் தாங்குதிறனை உள்ளதைப் போல் இரு மடங்காகக் கணக்கிட்டுவிடுகிறார்.